நெகட்டிவ் எல்லாம் இந்தப் பக்கம்

ஐப்பசி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களின் குரலே மாறிவிடும். கோடையில் கூப்பிடுகிறவர்கள் புதிதாகப் பேனல் போட வேண்டும் என்று கூப்பிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் கூப்பிடுகிறவர்கள் சண்டை பிடிக்கத்தான் கூப்பிடுவார்கள். "மீட்டர்ல எழுபது பர்சென்ட்னு காட்டுது தம்பி, லைட்டு என்னடான்னா மங்கிப்போய் அணையுது. இதுக்கா அவ்வளவு காசு வாங்குனீங்க?"

வத்தலக்குண்டிலிருந்து மலையேறினால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு. அங்கிருந்து ஜீப் பாதையில் உள்ளே போனால் காபியும் மிளகும் மலைவாழையும் போட்ட தோட்டங்கள். ஈ.பி. லைன் போகாத வீடுகள் அங்கே இன்னும் உண்டு. லைன் போயிருந்தும், காற்றில் மரம் விழுந்து நாள் கணக்கில் இருட்டில் கிடக்கும் வீடுகள் அதைவிட அதிகம். இரண்டு பேனல், ஒரு சார்ஜ் கன்ட்ரோலர், ஒன்றோ இரண்டோ டியூபுலர் பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர். இந்தச் சின்ன சிஸ்டங்களை மாட்டுவதும், மாட்டியவற்றைப் பார்த்துக்கொள்வதும்தான் என் பிழைப்பு. பேனல் தூக்குவது முதுகு வேலை. மூளை வேலை முழுக்க பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு சாண் நீளத்துக்கும் குறைவான ஒரு உருப்படியைச் சுற்றித்தான் இருக்கிறது. அதற்கு ஷண்ட் என்று பெயர்.

ஷண்ட் வருவதற்கு முன்னால் வோல்ட்டைப் பார்த்துத்தான் எல்லாரும் பேட்டரியை எடை போட்டோம். இங்கே விற்கும் டியூபுலர் பேட்டரி முழுசாக ஏறி, பிறகு சும்மா சில மணி நேரம் கிடந்தால் 12.5, 12.6 வோல்ட் காட்டும். பாதி தீர்ந்து சும்மா கிடந்தால் 12.1-ஐ ஒட்டி நிற்கும். முழுசுக்கும் பாதிக்கும் நடுவே அரை வோல்ட்தான் வித்தியாசம். அதுவும் சும்மா கிடந்தால்தான். மிக்ஸி ஓடினால் அரை வோல்ட் இறங்கும், வெயில் வந்தால் ஒரு வோல்ட் ஏறும். தோட்ட வீட்டுப் பேட்டரி எந்த நாளில் சில மணி நேரம் சும்மா கிடக்கிறது? ஹைட்ரோமீட்டர் விட்டு ஆசிட்டை உறிஞ்சிப் பார்ப்பதுதான் சரியான சோதனை, 1.240 வந்தால் முழுசு. ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு டி.வி. போடலாமா வேண்டாமா என்று தெரிந்துகொள்ள எந்த வீட்டம்மா மூடியைக் கழற்றி ஆசிட் உறிஞ்சப் போகிறார்?

ஷண்ட் வோல்ட்டை நம்புவதில்லை. உள்ளே போன ஆம்பியர் எவ்வளவு, வெளியே வந்த ஆம்பியர் எவ்வளவு என்று நொடிக்கு நொடி எண்ணிக் கூட்டிக் கழிக்க வழி செய்து கொடுக்கிறது.

கையில் எடுத்துப் பார்த்தால் அதில் பெரிய விஷயம் இருப்பதாகவே தெரியாது. இரண்டு பக்கமும் கனமான பித்தளைக் கட்டை, நடுவில் அவற்றோடு சேர்த்துப் பற்றவைத்த சில உலோகத் தகடுகள். ஒவ்வொரு கட்டையிலும் கேபிளுக்கு ஒரு பெரிய போல்ட், மீட்டருக்கு ஒரு சின்ன ஸ்குரூ. தகடுகளை உற்றுப் பார்த்தால் விளிம்பில் ரம்பத்தால் அறுத்தது போல வெட்டுகள் இருக்கும். ஒரு தகட்டில் ஆழமாக, இன்னொன்றில் மேலோட்டமாக, அழகில்லாமல். தாண்டிக்குடிப் பக்கம் ஒரு பெரியவர் அதைப் பார்த்துவிட்டு, "அடிபட்ட சரக்கை என் தலையில கட்டுறியா?" என்றார். அது அடிபட்டது இல்லை. தகட்டைக் கொஞ்சம் அறுத்தால் மின்தடை கொஞ்சம் ஏறும். ஃபேக்டரியில் அளந்து பார்த்து, கணக்கு சரியாக வரும்வரை அறுப்பார்கள். அந்த வெட்டுதான் அது சோதித்த சரக்கு என்பதற்கு அடையாளம். அவருக்கு இதைச் சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை, காசு கொடுத்துவிட்டார்.

நான் அதிகம் போடுவது 500 ஆம்பியர், 50 மில்லிவோல்ட் ஷண்ட். 500 ஆம்பியர் ஓடினால் அதன் இரண்டு முனைக்கும் நடுவே 50 மில்லிவோல்ட் நிற்கும் என்று அர்த்தம். வகுத்துப் பார்த்தால் மின்தடை ஒரு ஓமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. 10 ஆம்பியர் ஓடினால் 1 மில்லிவோல்ட். இரண்டு எல்.இ.டி. பல்பு மட்டும் எரியும்போது மீட்டர் அளக்க வேண்டியது ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கீழே, அதிலும் ஒரு துளி. இன்வெர்ட்டர் முழு மூச்சில் 80 ஆம்பியர் இழுத்தால்கூட ஷண்டில் வீணாவது ஒரு வாட்டுக்கும் குறைவு. 500 ஆம்பியர் ஓடினால் 25 வாட் சூடு வரும், ஆனால் நம் தோட்ட வீட்டில் அவ்வளவு ஓடினால் அது வீட்டில் தீப்பிடிக்கிற நாள்.

"ஒரு செப்புப் பட்டையை வெச்சு அளந்தா ஆகாதாண்ணே?" என்று என்னோடு வரும் பையன் ஒருநாள் கேட்டான். நல்ல கேள்வி. செம்பு சூடானால் அதன் மின்தடை ஒரு டிகிரிக்கு நூற்றில் 0.4 பங்கு ஏறும். 30 டிகிரி ஏறினால் கணக்கில் நூற்றுக்குப் பன்னிரண்டு பிசகும். ஷண்டின் தகடு மாங்கனின் என்ற கலப்பு உலோகம்: பெரும்பகுதி செம்பு, சுமார் 12 சதவீதம் மாங்கனீஸ், மிச்சம் கொஞ்சம் நிக்கல். சூடானாலும் ஆறினாலும் அதன் மின்தடை அசைவதே இல்லை என்று சொல்லிவிடலாம். இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் மீட்டர் செய்த எட்வர்ட் வெஸ்டன் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்டுபிடித்தது. இன்றைக்கும் அதேதான்.

சின்ன ஸ்குரூவை ஏன் தனியாக வைத்திருக்கிறார்கள் என்பதில்தான் நிறைய எலெக்ட்ரீஷியன்கள் சறுக்குகிறார்கள். தனி மீட்டரோடு வரும் மலிவு விலை ஷண்டுகளில் மீட்டர் வயரை நாமே மாட்ட வேண்டும். பெரிய போல்ட்டில் கேபிள் லக்கோடு சேர்த்து மாட்டிவிட்டால் வேலை சுலபம், பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் போல்ட்டுக்கும் லக்குக்கும் நடுவே இருக்கும் தொடுதடையும் அளவில் சேர்ந்துவிடும். கொஞ்சம் துரு, கொஞ்சம் தளர்வு இருந்தால் அந்தத் தொடுதடையே ஷண்டின் தடை அளவுக்கு வந்துவிடும். அப்புறம் 10 ஆம்பியர் ஓடுவதை மீட்டர் 20 என்று காட்டும். சின்ன ஸ்குரூவில் ஆம்பியர் ஓடுவதில்லை, அது பார்ப்பதற்கு மட்டும். அதேபோல 75 மில்லிவோல்ட்டுக்குச் செய்த மீட்டரில் 50 மில்லிவோல்ட் ஷண்டை மாட்டினால், இரண்டிலும் 100 ஆம்பியர் என்று எழுதியிருந்தாலும், ஓடுவதில் மூன்றில் இரண்டு பங்குதான் தெரியும். கடையில் இரண்டையும் தனித்தனியாக வாங்கிக்கொண்டு வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

இதெல்லாம் ஷண்டின் குணம். இனி வயரிங். வயரிங்கில் சட்டம் ஒன்றே ஒன்றுதான்: பேட்டரியின் நெகட்டிவ் முனையிலிருந்து ஒரே ஒரு கேபிள்தான் கிளம்ப வேண்டும், அது ஷண்டின் பேட்டரிப் பக்கத்துக்குத்தான் போக வேண்டும். வீட்டில் இருக்கும் மற்ற எல்லா நெகட்டிவும், இன்வெர்ட்டர், கன்ட்ரோலர், டி.சி. பல்பு லைன், எதுவானாலும், ஷண்டின் மறுபக்கத்தில்தான் சேர வேண்டும். மலையடிவாரத்து ஃபாரஸ்ட் செக்போஸ்ட்டில் வண்டி நம்பர் எழுதுகிறவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், பின்னால் ஒரு மாட்டுவண்டிப் பாதை இருந்தால் அவர் நோட்டு பொய்தான். ஷண்டும் அப்படி.

பாசிட்டிவில் இதே வேலையைச் செய்யக்கூடாதா என்றால், செய்யலாம். ஆனால் மில்லிவோல்ட்டை அளக்கும் சின்ன சர்க்யூட்டுக்குத் தரை நெகட்டிவ்தான். நெகட்டிவ் பக்கத்தில் வைத்தால் அளப்பது சுலபம், விலையும் குறைவு. அதனால்தான் ஷண்ட் நெகட்டிவில் உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் தொந்தரவும். ஏனென்றால் நம் ஊரில் யாரும் பாசிட்டிவை அலட்சியமாக எடுப்பதில்லை. ஃபியூஸ் எங்கே, சுவிட்ச் எங்கே என்று யோசிப்பார்கள். நெகட்டிவ் என்றால் "எங்க வேணாலும் எடுத்துக்கலாம்" என்று ஒரு எண்ணம்.

அந்த ஐப்பசி போன் வந்த தோட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன். நான் மாட்டியது எல்லாம் மாட்டியபடியே இருந்தது. பேட்டரி முனையில் மட்டும் புதிதாக இரண்டு முதலைக் கிளிப். காட்டெருமை வராமல் இருக்க சோலார் வேலி போட வந்தவர்கள், வேலி மிஷினுக்குத் தனி பேட்டரி வைக்காமல் வீட்டுப் பேட்டரியிலேயே கடித்துவிட்டுப் போயிருந்தார்கள். மிஷின் இழுப்பது அரை ஆம்பியர்தான். ஆனால் இருபத்துநாலு மணி நேரமும் இழுக்கிறது. ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி, ஷண்டுக்குத் தெரியாமல்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வேலி போட்டது மாசியில். ஐப்பசி வரைக்கும் ஏன் தெரியவில்லை? ஷண்டைப் படித்துக் கணக்கை வைத்திருக்கும் மீட்டருக்கு மானிட்டர் என்று பெயர். பேட்டரி முழுசாக ஏறிவிட்டது என்று தெரிந்ததும் அது கணக்கை 100-க்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். கோடையில் தினமும் மத்தியானத்துக்குள் பேட்டரி நிரம்பும். அதுவரை விட்டுப்போன கணக்கு தினமும் அழிந்துபோகும். வடகிழக்குப் பருவமழை பிடித்து, மேகமும் மஞ்சுமாக ஒரு வாரம் பேட்டரி நிரம்பாமலே போனால், நாளுக்கு 12 வீதம் ஏழு நாளில் 84 ஆம்பியர்-மணி சேர்ந்துவிடும். அந்த வீட்டில் இருப்பது 150 ஆம்பியர்-மணி பேட்டரி. மீட்டர் எழுபது என்று சொல்லும்போது உள்ளே இருப்பது பதினாலு சதவீதம். தோட்டக்காரர் போனில் சொன்னதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை.

கிளிப்பைக் கழற்றி நெகட்டிவை ஷண்டின் மறுபக்கத்துக்கும், பாசிட்டிவை ஒரு ஃபியூஸ் வழியாக பாசிட்டிவ் பஸ்பாருக்கும் மாற்றினேன். அன்றிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் முனையைச் சுற்றி சிவப்பு டேப் ஒட்டி, ஷண்டின் மறுபக்கத்துப் பலகையில் பெயின்ட் மார்க்கரில் "நெகட்டிவ் எல்லாம் இந்தப் பக்கம்" என்று தமிழில் எழுதிவிடுகிறேன். இங்கிலீஷில் கம்பெனியே எழுதித்தான் அனுப்புகிறது. மலைக்கு வந்து போகும் டிஷ் டி.வி. பையனோ வேலி போடுகிறவரோ அதைப் படிப்பதில்லை.

விலை குறைந்த பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர்களில் இன்னொரு சிக்கல். அவற்றில் பல, பாசிட்டிவைப் பொதுவாக வைத்துக்கொண்டு நெகட்டிவில்தான் சுவிட்ச் செய்கின்றன. அதாவது பேனல் நெகட்டிவ், பேட்டரி நெகட்டிவ், லோடு நெகட்டிவ் மூன்றும் கன்ட்ரோலருக்குள்ளே வேறு வேறு. "நெகட்டிவ் எல்லாம்" என்று நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் பேனல் நெகட்டிவையும் கொண்டுவந்து ஷண்டின் மறுபக்கத்தில் முறுக்கிவிட்டால், கன்ட்ரோலரின் கட்டுப்பாடே போய், பேனல் நேராகப் பேட்டரியைக் கொதிக்க வைக்கும். ஆகவே கன்ட்ரோலரின் 'பேட்டரி நெகட்டிவ்' முனை மட்டும்தான் ஷண்டுக்கு வர வேண்டும். பேனலும் லோடும் கன்ட்ரோலரோடு நிற்க வேண்டும்.

வேலை செய்யும்போது முதலில் மோதிரத்தையும் வாட்ச்சையும் கழற்றிப் பையில் போடச் சொல்வேன். ஸ்பேனரின் கைப்பிடியை இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு வோல்ட் ஷாக் அடிக்காது என்பதால் பையன்களுக்குப் பயமே வருவதில்லை; ஸ்பேனர் இரண்டு முனையிலும் விழுந்தால் அதே பன்னிரண்டு வோல்ட் ஸ்பேனரைச் சிவக்கப் பழுக்க வைக்கும். பேனல் பிரேக்கரை இறக்கிவிட்டுத்தான் பேட்டரியில் கை வைக்க வேண்டும். பேட்டரி இல்லாமல் பேனல் மட்டும் இருந்தால் சில கன்ட்ரோலர்கள் பேனல் வோல்ட்டை அப்படியே லோடுக்குத் தள்ளிவிடும். கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது கடைசியில் நெகட்டிவ்.

ஷண்டைப் பேட்டரிக்கு நேர் மேலே வைக்கக் கூடாது. ஆசிட் ஆவி பட்டால் பித்தளையில் பச்சைக் களிம்பு கட்டும். பக்கச் சுவரில், ஹைலம் ஷீட்டில் ஸ்குரூ போட்டு நிறுத்துவேன். லக் நேராகப் பித்தளைக் கட்டையின் முகத்தில் உட்கார வேண்டும். வாஷர் அதற்கு மேலே. லக்குக்கும் கட்டைக்கும் நடுவே ஸ்பிரிங் வாஷரை வைத்து முறுக்கியிருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். அந்தச் சின்ன எஃகு வளையம் வழியாகத்தான் இன்வெர்ட்டரின் மொத்த ஆம்பியரும் போக வேண்டியிருக்கும். இரண்டு மாதத்தில் அங்கே ஸ்லீவ் உருகியிருக்கும். 35 ஸ்கொயர் கேபிளுக்கு லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அடிக்க வேண்டும்; சுத்தியலால் தட்டி ஒப்பேற்றும் வேலை வேண்டாம். முறுக்கி முடித்ததும் வேசலின் ஒரு பூச்சு. மானிட்டருக்குக் கரண்ட் கொடுக்கும் மெல்லிய சிவப்பு வயர் பேட்டரி பாசிட்டிவுக்குப் போகும். அதில் ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும். நீளம் போதவில்லை என்று அந்த ஃபியூஸை வெட்டி எறிந்துவிட்டு முறுக்கி ஒட்டுகிறவர்கள் உண்டு. அந்த வயர் எங்காவது நசுங்கினால் பேட்டரியின் முழு பலமும் அதில்தான் இறங்கும்.

என் பையில் எப்போதும் ஒரு பழைய அம்பாசடர் ஹெட்லைட் பல்பு கிடக்கும். அதற்கு இரண்டு வேலை. கடைசி நெகட்டிவை ஷண்டில் வைக்கும்போது, இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் ஒரே மடக்காகக் குடிப்பதால் 'சடக்' என்று பொறி பறக்கும். போல்ட்டின் புரி கருகும். அதற்குப் பதில் பல்பை நடுவில் வைத்துத் தொட்டால், பல்பு ஒருமுறை பளிச்சென்று எரிந்து மெல்ல அணையும். அணைந்தால் கெப்பாசிட்டர் நிரம்பிவிட்டது, கேபிளை நிம்மதியாக வைக்கலாம். அணையாமல் எரிந்துகொண்டே இருந்தால் ஏதோ ஒரு லோடு ஓடுகிறது, இல்லையென்றால் ஷார்ட். இரண்டாவது வேலை சோதனை. மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு பல்பை மட்டும் போட்டால் ஐந்து ஆம்பியரை ஒட்டி ஓடும். ஷண்டின் சின்ன ஸ்குரூக்களில் மல்டிமீட்டரை வைத்தால் அரை மில்லிவோல்ட், மானிட்டரில் மைனஸ் ஐந்து. மைனஸ் வர வேண்டிய இடத்தில் ப்ளஸ் வந்தால் ஷண்டைத் தலைகீழாகப் பிடித்துவிட்டோம். கிளாம்ப் மீட்டரில் சரிபார்க்க வருகிறவர்கள் அது டி.சி. அளக்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். பெரும்பாலான எலெக்ட்ரீஷியன்களிடம் இருப்பது ஏ.சி. மட்டும்தான் அளக்கும், பேட்டரி கேபிளில் மாட்டினால் பூஜ்யம் காட்டும்.

பிறகு செட்டிங். கெப்பாசிட்டியில் பேட்டரி மேல் எழுதியிருக்கும் நம்பரைப் போட்டுவிட்டு வந்துவிட முடியாது. சோலார் பேட்டரியின் 150, பத்து மணி நேரத்தில் தீர்க்கும் கணக்கு. இன்வெர்ட்டர் பேட்டரியின் 150 இருபது மணி நேரக் கணக்கு. வேகமாக எடுத்தால் குறைவாகத்தான் கிடைக்கும் என்பதை 1897-லேயே பாய்க்கர்ட் என்ற ஜெர்மானியர் கணக்குப் போட்டு வைத்துவிட்டார். மானிட்டரும் அவர் பெயரில் ஒரு எண் கேட்கும். தண்ணீர் ஊற்றும் பேட்டரிக்கு 1.25-ஐ ஒட்டி வைப்பேன்.

ஆனால் மலைக்கு முக்கியமான செட்டிங் 'நிரம்பிவிட்டது' என்று எப்போது முடிவுகட்டுவது என்பதுதான். நான் போடும் மானிட்டரில், 13.2 வோல்ட்டுக்கு மேலே நின்று, ஏறும் ஆம்பியர் கெப்பாசிட்டியில் 4 சதவீதத்துக்குக் கீழே மூன்று நிமிடம் இருந்தால் 100 என்று வைத்திருப்பார்கள். பேட்டரி நிரம்ப நிரம்ப ஆம்பியரை வாங்க மறுக்கும் என்பது அதற்குப் பின்னால் இருக்கும் யோசனை. மலையில் காலை எட்டு மணிக்கு மஞ்சுக்குள் லேசாக வெளிச்சம். பேனல் கொடுப்பது ஐந்து ஆம்பியர். 150-ல் 4 சதவீதம் 6. வோல்ட்டும் 13.3-க்கு வந்துவிடும். பேட்டரி வாங்க மறுக்கவில்லை, கொடுக்கத்தான் ஆளில்லை. மானிட்டருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மூன்று நிமிடத்தில் 100 என்று அறிவித்துவிடும். ராத்திரி முழுக்க எரித்த வீட்டில் விடிந்ததும் பேட்டரி ஃபுல்! கன்ட்ரோலர் 14.4-ல் நிறுத்துகிறது என்றால் அந்த 13.2-ஐ 14.2-க்கு ஏற்றிவிட வேண்டும். இந்த ஒரு எண்ணை மாற்றித் தருவதற்காகவே நான் மலையேறிய வீடுகள் உண்டு. பஸ் சார்ஜ் வாங்கிக்கொள்வேன்.

ஒழுங்காக மாட்டிய ஷண்ட் வீட்டுக்காரர்களையும் மாற்றிவிடுகிறது. பண்ணைக்காட்டுப் பக்கம் ஒரு அம்மா, எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மைனஸ் ஒன்று என்று காட்டுகிறதே என்று கேட்டார். இன்வெர்ட்டர் சும்மா ஆன் செய்து வைத்ததற்குத் தின்னும் கரண்ட் அது. நாளெல்லாம் சேர்த்தால் 24 ஆம்பியர்-மணி, அந்த வீட்டு பல்புகள் எல்லாம் சேர்ந்து தின்பதைவிட அதிகம். இப்போது படுக்கப் போகும்போது இன்வெர்ட்டரை அணைத்துவிடுகிறார். இரவு விளக்கு டி.சி. லைனில் எரிகிறது.

ஷண்டுக்குத் தெரியாத விஷயங்களும் உண்டு. 24 வோல்ட் சிஸ்டத்தில் இரண்டு பேட்டரி வரிசையாக நிற்கும். ஒரே ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ரவுட்டருக்குக் கொடுப்பது பலருக்குப் பழக்கம். நெகட்டிவைச் சரியான பக்கத்தில் மாட்டியிருந்தால் ஷண்ட் அதை எண்ணிவிடும். ஆனால் தீர்வது ஒரு பேட்டரி மட்டும் என்பது அதற்குத் தெரியாது. கணக்கு சரியாகவே ஓடும், ஒரு பேட்டரி செத்துப்போகும். இரண்டையும் தனித்தனியாக வோல்ட் பார்த்தால்தான் பிடிபடும். வயதான பேட்டரியின் கொள்ளளவு குறைந்துபோனதும் அப்படியே. 150 என்று போட்டது 150 என்றே இருக்கும், நாம் போய்க் குறைக்கும்வரை.

இப்போது தோட்டத்துக்காரர்களின் பிள்ளைகள் லித்தியம் கேட்கிறார்கள். வோல்ட்டைப் பார்த்து எடை போடும் பழைய வித்தை அதில் அறவே செல்லாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி கிட்டத்தட்ட காலியாகும்வரை 13.2-ஐ ஒட்டியே நிற்கும், பிறகு திடீரென்று விழும். பேட்டரிக்கு உள்ளேயே இருந்து அதைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். என்ற சர்க்யூட், போனில் ஒரு சதவீதக் கணக்கைக் காட்டும்தான். ஆனால் விலை குறைந்தவற்றில் பல, சின்ன ஆம்பியரைக் கண்டுகொள்வதே இல்லை. இரவு விளக்கு கணக்கில் ஏறாது. போன மாதம் ஒரு வீட்டில் பழைய டியூபுலரை இறக்கிவிட்டு 100 ஆம்பியர்-மணி லித்தியம் வைத்தேன். கன்ட்ரோலரில் ஈக்வலைசேஷனை நிறுத்தி, மானிட்டரில் கெப்பாசிட்டியை 100 ஆக்கி, பாய்க்கர்ட் எண்ணை 1.05-க்கு இறக்கி, சார்ஜ் எஃபிஷியன்சியை 99-க்கு ஏற்றி, நிரம்பிய வோல்ட்டை 14 ஆக்கினேன். ஷண்டைத் தொடவில்லை, களிம்பை மட்டும் துடைத்துவிட்டுப் போல்ட்டை மறுபடி முறுக்கினேன். பில்லில் ஷண்ட் இல்லாததைப் பார்த்த வீட்டுக்காரர், "பழசையே வெச்சுக்கிட்டோமே, அப்ப லேபர்ல கொஞ்சம் குறைங்க தம்பி" என்றார்.